திரீனுக்குக் கல்யாணம்

ஊர்வல ராட்சசிப் பொம்மையை உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு நடப்பவனுக்கு அவள் முகம் தெரியாது. பாவாடையில் அவன் கண் மட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் வெட்டி, கறுப்பு வலைத்துணி தைத்திருப்பார்கள். அதன் வழியாகத் தெரிவதுதான் அவனுக்கு உலகம். ஃபிர்மின் ஒவ்வொரு செப்டம்பரிலும் அந்தச் சதுரத்தின் வழியாகத் தேடியது ஒரே ஒரு ஆளை. பேக்கரி வாசலில், வெயிலடித்தாலும் பச்சை மழைக்கோட்டுடன் நிற்கும் தன் மனைவி மோனிக்கை.

அந்தச் சதுரத்தில் அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. அவள் எப்போதும் மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். அவனுக்குத் தெரிந்தது தாடையின் அடிப்பகுதியும் கழுத்தும்தான். அது போதும் என்று நினைத்திருந்தான்.

வெசெல்பேக் சின்ன ஊர். ஒரு காலத்தில் ஆளிச்செடியை லெய் ஆற்றில் ஊறப்போட்டு நார் எடுத்துப் பிழைத்தது. நாற்றத்துக்குப் பேர்போன ஊர். இப்போது பாதிப் பேர் காய்கறி உறைய வைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார்கள். ஃபிர்மினும் அங்கேதான், பீன்ஸ் பிரிவில், இரவு ஷிப்ட். ஊருக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரு மாதாகோயில் கோபுரம், ஒரு ராட்சசி. அவள் பெயர் திரீன். நான்கு மீட்டர் உயரம், பிரம்புக் கூடு, லினன் பாவாடை, இடுப்பில் ஒரு கட்டு நார். ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் முன்னால் போவாள்.

அவளுடைய பழைய தலை, அவளை வைத்திருந்த கொட்டகையின் ஈரத்தில் அழுகிப்போன வருஷம், பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர் இக்னாஸ் காகிதக்கூழில் புதுத் தலை செய்தார். ஃபிர்மினின் மகள் யோலீனுக்கு அப்போது பதினாறு வயது. செய்தித்தாள் கிழித்துக் கொடுக்கப் போனவளை, "கொஞ்சம் அசையாம உக்காரு" என்று சொல்லி எதிரில் உட்கார வைத்துவிட்டார். அவள் முகம் சுளித்தாள். அந்தச் சுளிப்பும் தலையில் வந்துவிட்டது. இடது புருவம் கொஞ்சம் ஏறி, 'எவ்வளவு நேரம்?' என்று கேட்பது மாதிரி.

அடுத்த வருஷம் யோலீன் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது, கால்வாய்ப் பாலத்துத் திருப்பத்தில் ஒரு லாரி வலது பக்கம் திரும்பியது. ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. அவளைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த செப்டம்பரில் ஃபிர்மின் கொட்டகைக்குப் போய், "இனிமே நான் தூக்குறேன்" என்றான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அது யார் முகம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. வெசெல்பேக்கில் மரியாதை என்பது அதுதான். புருஷனும் பெண்டாட்டியும்கூடப் பேசிக்கொண்டதில்லை. அவன் தூக்கினான், அவள் பார்த்தாள்.

பிறகு வெசெல்பேக்கைப் பக்கத்து ஊரான மூர்சேலவோடு சேர்த்து ஒரே ஊராட்சி ஆக்கினார்கள். இரண்டு நூலகம் ஒன்றானது, இரண்டு தீயணைப்பு வண்டி ஒன்றானது. ராட்சசப் பொம்மையும் ஒன்று போதும் என்று பேச்சு வந்தது. மூர்சேலக்காரர்களிடம் பீர்க்கார லோவி இருந்தான். சிவந்த மூக்கு, தொப்பை, கையில் பீப்பாய்.

காபிக்கடையின் பின்னறையில் கூட்டம் போட்டார்கள். மூர்சேல தரப்பில் காஸ்பார் வந்திருந்தான். லோவியைத் தூக்குபவன், கசாப்புக்கடைக்காரன், வாய் ஓயாதவன். இந்தப் பக்கம் ஊர் வரலாற்று மன்றத்தின் தலைவர் வில்ஃப்ரீட், கூட ஃபிர்மின். நடுவில் வேர்லா, ஊராட்சி புதிதாக நியமித்த மரபுரிமை அதிகாரி. சின்னப் பெண், நல்ல பெண்.

"உங்க திரீன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நடக்குதேப்பா" என்றான் காஸ்பார். "எங்க லோவியப் பாரு. பாத்தாலே தாகம் எடுக்கும்."

"உனக்கு எதைப் பாத்தாலும் தாகம்தான்" என்றார் வில்ஃப்ரீட். "போன ஞாயித்துக்கிழமை சாவு வீட்டுலயே உனக்குத் தாகம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிர்மின் சிரிக்கவில்லை. கூட்டங்களில் பேசுகிறவன் இல்லை அவன். அன்றைக்கு எழுந்து நின்றான். தன் வீட்டுப் பரணில் தேடி எடுத்த ஒரு போட்டோவை மேஜையில் வைத்தான். கோயில் வாசலில் முதல் திரீன். பக்கத்தில் வியர்த்து வழியும் ஆண்கள். பின்னால் பதாகையில் வருஷம் தெளிவாகத் தெரிந்தது.

"உங்க லோவி பொறந்தது எழுபத்தாறுல. அவன் தலைக்குள்ள பிளாஸ்டிக் வாளி இருக்கு, எனக்குத் தெரியும், நான் எட்டிப் பாத்திருக்கேன்" என்றான். "திரீன் அம்பத்திமூணு. நேத்து வந்த பையன் பெரிய மனுஷிகிட்ட எந்திரி, எடம் விடுங்கிறானா?"

வேர்லா போட்டோவைக் கையில் எடுத்தாள். அவள் கண் விரிந்தது. "இது எங்களுக்கு ரொம்ப முக்கியம்ங்க. இதை நான் ஸ்கேன் பண்ணிக்கலாமா?"

"தாராளமா."

"சரி, ரெண்டு பேரையும் வச்சுக்குங்க" என்றான் காஸ்பார், தோற்றுப்போனது தெரியாமல் இருக்கக் கையை விரித்து. "ஒரே கொட்டகைல ஆம்பளையும் பொம்பளையும் சும்மா இருந்தா ஊரு என்ன பேசும்? கட்டி வச்சிருங்க. பொண்ணுக்கு இருபத்திமூணு வயசு கூட. பரவால்ல, எங்க பையனுக்கு முன்னபின்ன பழக்கம் இல்ல."

அவன் கிண்டலாகச் சொன்னான். மேயருக்கு அது பிடித்துப்போனது. இரண்டு ஊர் இணைவதற்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்? செப்டம்பர் திருவிழாவில் ஊராட்சி மண்டபப் படியில் லோவிக்கும் திரீனுக்கும் கல்யாணம் என்று முடிவானது.

ஃபிர்மின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது சொன்னான். மோனிக் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கல்யாணமா?"

"ஆமா. மேயரே நடத்தி வைப்பாராம்."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப பொண்ணுக்கு முக்காடு வேணுமே" என்றாள்.

சனிக்கிழமை அவள் கொட்டகைக்கு வந்தாள். அத்தனை வருஷத்தில் அங்கே கால் வைத்ததில்லை. கழுத்தில் அளவு நாடா. ஃபிர்மின் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறினாள். கீழேயிருந்து அவனுக்கு அவளுடைய செருப்பின் அடிப்பாகம் தெரிந்தது. நெற்றியைச் சுற்றி நாடாவை வைத்தாள், காதுக்குப் பின்னால் இழுத்தாள், மறுபடி நெற்றிக்கு வந்தாள். அளவெடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"மூக்கு மேல பெயிண்ட் உரிஞ்சிருக்கு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "இத்தனை நாளா என்னத்தப் பாத்துக்கிட்ட நீ?"

"நான் உள்ள இருக்கேன். எனக்கு எங்க தெரியும்?"

பிறகு அவள் சொன்னாள்: "இப்ப முப்பது வயசு ஆகியிருக்கும்."

"ஆமா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஃபிர்மின் அன்றைக்கு ஷிப்டில் பீன்ஸ் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பதிமூன்று வருஷத்துக்குப் பிறகு வீட்டில் யாரோ கதவைத் திறந்தது மாதிரி இருந்தது.

சமையலறை மேஜை வலைத்துணிக்குள் மறைந்துபோனது. இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். முக்காட்டின் ஓரம் முழுக்க அவள் நீல நூலில் ஆளிப்பூ தைத்தாள். சின்னப் பூ, ஐந்து இதழ். தைக்கும்போது சில சமயம் முணுமுணுப்பாகப் பாட்டுக்கூட வந்தது.

மே மாதம் வேர்லா கொட்டகைக்கு வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். திரீன் பாதுகாக்கப்பட்ட மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். இனி எந்த ஊராட்சியும் அவளைத் தொட முடியாது. வில்ஃப்ரீட் தொப்பியைக் கழற்றி ஒரு குதி குதித்தார்.

"ஒரே ஒரு விஷயம்தான்" என்றாள் வேர்லா. "மரபுரிமைக் குழு அசல் உருவத்தைத்தான் ஏத்துக்குது. இந்தத் தலை பின்னாடி மாத்துனதுங்கிறதால இதுக்கு மரபு மதிப்பு இல்லைன்னுட்டாங்க. போட்டோல முகம் தெளிவா இருக்கில்ல, அதை வச்சே பழைய தலைய அப்படியே செஞ்சிரலாம். கென்ட் நகரத்துல ஒரு பட்டறை இருக்கு. கல்யாணத்துக்குள்ள வந்துரும்." அவள் ஃபிர்மின் பக்கம் திரும்பினாள். "உங்க போட்டோதாங்க எல்லாத்தையும் காப்பாத்துச்சு. அது மட்டும் இல்லைன்னா திரீன் போயிருப்பா."

வில்ஃப்ரீட் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வேர்லா ஏதோ உணர்ந்திருக்க வேண்டும். மேலே பார்த்து, மெதுவாகக் கேட்டாள்: "இந்த முகத்துக்கு ஏதாவது கதை இருக்கா? யாரையாவது பாத்துச் செஞ்சதா? அப்படி இருந்தா சொல்லுங்க, நான் குழுகிட்ட எழுதுறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிரலாம்."

கேட்டே விட்டாள். இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது.

ஃபிர்மின் நினைத்துப் பார்த்தான். சொன்னால் இந்தப் பெண்ணின் குரல் மாறும். எழுதுவாள். குழு கூடி யோலீனைப் பற்றிப் பேசும். மூர்சேலக்காரர்கள், ஓ, அது கல்லறையா, ராட்சசி இல்லையா என்பார்கள். பட்டியலிலிருந்து பெயர் போகும், பிறகு திரீனே போவாள். ஒருவேளை போகாமல் இருந்தாலும், ஊர்வலத்தில் எல்லோரும் மேலே பார்த்து வாய்விட்டுச் சொல்வார்கள். யாரும் சொல்லாததால்தானே அவள் இத்தனை வருஷம் நடந்தாள்? இப்படியெல்லாம் நினைத்தான். அதில் பாதி நியாயம். மீதிப் பாதி, அந்தப் பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஊர்ப் பொண்ணு ஒண்ணு" என்றான். "அந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருந்துச்சு."

"எந்தப் பொண்ணு?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

வேர்லா போன பிறகு வில்ஃப்ரீட் சைக்கிள் பூட்டோடு மல்லுக்கட்டினார்.

"ஏண்டா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"அது நான் சொல்ற விஷயமாடா?" பூட்டு திறந்தது. அவர் ஏறவில்லை. "மோனிக்கிட்டயாவது சொல்லித் தொலை. இன்னைக்கே சொல்லு."

ஃபிர்மின் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் ஒரு பூவைப் பிரித்துத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள், நல்ல மனநிலையில் இருந்தாள். பிறகு பட்டாணி சீசன் வந்தது, அதன் பின்னால் பீன்ஸ். ஷிப்டுக்கு மேல் ஷிப்ட். வேலையைக் காரணம் காட்ட ஒரு மனிதனுக்குக் கோடைகாலம் முழுக்க இடம் இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் புதுத் தலை ஒரு மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அகன்ற முகம், இரட்டைத் தாடை, பல் தெரியச் சிரிப்பு. போட்டோவில் இருந்த அதே முகம். குறையே சொல்ல முடியாது. பழைய தலையைக் கழற்றி இறக்கியது ஃபிர்மின்தான். இதை என்ன செய்வது என்று கேட்டான்.

"அது சேகரிப்புல வராதுங்க" என்றாள் வேர்லா. "வேணும்னா எடுத்துக்குங்க."

கம்பளியில் சுற்றி, காரின் பின்னால் கட்டிய இழுவை வண்டியில் வைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். கால்வாய்ப் பாலம் வழியாக வரவில்லை, சுற்றிக்கொண்டு வந்தான். வாசல் கதவுக்குள் தலை நுழையவில்லை. கார் கொட்டகையில் இறக்கி வைத்தபோது மோனிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கம்பளியின் ஒரு நுனியைத் தூக்கினாள். ஏறிய புருவம் தெரிந்தது.

"இதை எதுக்குக் கழட்டுன?"

குழு, பட்டியல், பழைய போட்டோ, புதுத் தலை என்று அவன் சொன்னான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மே மாசம்."

"மே மாசம்" என்றாள் அவள். "ஜூன்ல நான் பூ தச்சேன். ஜூலைல பூ தச்சேன். நீ எதிர்ல உக்காந்து சூப் குடிச்ச."

"சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"அந்தப் போட்டோவ யாரு குடுத்தா?"

"நான்தான். அவளக் காப்பாத்தத்தான் குடுத்தேன், மோனிக். இல்லைன்னா மொத்தமா தூக்கிப் போட்டிருப்பாங்க."

"அந்தப் பொண்ணு கேட்டாளா, யாரு மொகம்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். "கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஊர்ப் பொண்ணுன்னு சொன்னேன்."

மோனிக் கம்பளி நுனியைப் பழையபடி மூடினாள். ஃபிர்மினுக்கு அவள் கத்தினால் தேவலை என்று இருந்தது.

"தலையாவது நம்ம வீட்டுக்கு வந்துருச்சே" என்றான். "உனக்குத் தோணுறப்பெல்லாம்..."

"தலைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" அவள் குரல் உயரவே இல்லை. "அவ நடப்பா. வருஷத்துக்கு ஒரு நாள் அந்தத் தெருவுல நடந்து வருவா, பேக்கரிகிட்ட வந்து ஒரு சுத்து சுத்துவா. பாவாடை விரியும். அதுக்குத்தான் நான் போயி நின்னேன். அசையாத மொகத்த நான் ஏற்கெனவே பாத்துட்டேன் ஃபிர்மின். ஆஸ்பத்திரில. நீ வெளிய நின்ன, ஞாபகம் இருக்கா? உள்ள போயி இவதான்னு சொன்னது நான்."

அவனுக்கு ஞாபகம் இருந்தது. நடைபாதையில் ஒரு காபி இயந்திரம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் உள்ளே போய், முக்காட்டை மடித்து எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். "கொண்டுபோயி போடு. பத்தலைன்னா கிழிச்சு ஒட்டுப் போடச் சொல்லு."

பத்தவில்லை. புதுத் தலை பெரியது. மன்றத்துப் பெண்கள் பின்பக்கம் கிழித்து ஒரு ஜன்னல் திரைத் துண்டை வைத்துத் தைத்தார்கள். கீழேயிருந்து பார்த்தால் தெரியாது என்றார்கள்.

கல்யாண நாள் நல்ல வெயில். பேண்டு வாசித்தது. வாப்பிள் பலகாரம் சுடும் வாசனை பாவாடைக்குள்ளும் வந்தது. ஃபிர்மின் தோள் வாரை மாட்டி, மூச்சை இழுத்துத் தூக்கினான். கனம் மாறியிருந்தது. தலை முன்னால் இழுத்தது, நடையே வேறாக வந்தது.

"அடேயப்பா, இவதான்டா அசல் திரீன்!" என்று யாரோ கத்தினார்கள். "சிரிக்கிறா பாரு!" மூர்சேலக்காரர்கள் கைதட்டினார்கள். வலைத்துணி வழியே ஃபிர்மினுக்கு வெசெல்பேக்காரர்களின் முகங்கள் தெரிந்தன. மேலே பார்த்தார்கள், சட்டென்று கீழே பார்த்தார்கள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, நிமிர்ந்து, அப்படியே உள்ளே போய்விட்டார். பேக்கரி வாசலில் மோனிக் இல்லை.

மண்டபப் படியில் மேயர் மூவண்ணப் பட்டை கட்டி நின்றார். லோவி ஒருமுறை குனிந்தான். அதுதான் சம்மதம். பிறகு மேயர் குரலை உயர்த்தினார்: "திரீன், பீர்க்கார லோவியைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா?"

ஃபிர்மின் முழங்காலை மடக்க வேண்டும். மடங்கவில்லை.

"பொண்ணு யோசிக்குதுப்பா!" கூட்டம் சிரித்தது. "தப்பிச்சு ஓடு திரீன்!"

"டேய் ஃபிர்மின்" என்று பக்கத்துப் பாவாடையிலிருந்து, இல்லை, லோவியின் கால்சட்டையிலிருந்து காஸ்பார் முனகினான். "குனிஞ்சு தொலைடா. என் முதுகு போச்சு."

ஃபிர்மின் குனிந்தான். மணி அடித்தது, அரிசி தூவினார்கள். கொஞ்சம் வலைத்துணியில் வந்து விழுந்தது.

ஊர்வலம் திரும்பி வந்தபோது பேக்கரி வாசலில் மோனிக் இருந்தாள். அதே இடம். பச்சைக் கோட்டு போடவில்லை, அதனால் முதலில் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் இன்னொரு காரணமும் புரிந்தது. தாடையும் கழுத்தும் தெரியவில்லை. முகம் தெரிந்தது. மேலே இருந்தது யாரோ ஒருத்தி, அங்கே பார்க்க அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் நேராகச் சதுரத்தைப் பார்த்தாள்.

நடைபாதையிலிருந்து இறங்கி, தடுப்புக் கயிற்றைத் தாண்டி வந்தாள். வலைத்துணிக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். அவள் எவ்வளவு வயசாகிவிட்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எறக்கி வை" என்றாள்.

அவனுக்குக் கேட்டது. வாரைக் கழற்ற ஒரு கை போதும். கழற்றினால் திரீன் நடுத்தெருவில் உட்கார்ந்துவிடுவாள், வெறும் கூடு மாதிரி. பின்னால் லோவி, அவன் பின்னால் பேண்டு, மேயர், இரண்டு ஊர். அந்த மூலையில்தான் வழக்கமான சுற்று. சுற்றி முடித்துவிட்டு இறக்கலாம் என்று அவன் நினைத்தான். இந்தச் சுற்று மட்டும்.

"ஃபிர்மின், எறக்கி வை" என்றாள் மறுபடி. "வெளிய வா. வீட்டுக்குப் போலாம்."

பெரிய மேளம் அடித்தது. பதிமூன்று வருஷப் பழக்கம், கால் தானாகத் திரும்பியது. சதுரத்தில் கோயில் ஓடியது, வாப்பிள் கடை ஓடியது, சிவந்த மூக்கும் பீப்பாயும் ஓடின. பாவாடை நன்றாக விரிந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

சுற்றி முடித்துப் பேக்கரிப் பக்கம் வந்து நின்றபோது, நடைபாதையில் யாரும் இல்லை. கடைக் கண்ணாடியில் ஒரு பாவாடையும், அதில் ஒரு கறுப்புச் சதுரமும் தெரிந்தன.